மலையகத் தீயும் வரட்சியின் மீதான பழியும்

ஜூலை முதல் செப்டெம்பர் வரையிலான வரட்சிக் காலத்தில் ஊவா மலைச்சரிவுகள் தீப்பற்றி எரிவது நமக்கு வழமையான செய்தியாகிவிட்டது. மழையை மேற்குச் சரிவிலேயே கொட்டித் தீர்த்துவிட்டு மலையைக் கடந்துவரும் தென்மேற்குப் பருவக்காற்று எல்ல, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பகுதிகளை உலர்காற்றாகவே வந்தடைகின்றது. மானாப் புல் காய்ந்து நிற்கும் அவ்வேளையில் ஒரு தீக்குச்சியே போதுமானது. ஓரிரு நாட்கள் பரபரப்பு நிலவும். பின்னர் வரட்சியின் மீது பழியைச் சுமத்திவிட்டு அனைவரும் மறந்துவிடுவர்.

வரட்சி தீயைப் பரப்புமேயன்றி மூட்டுவதில்லை. மின்னலால் காடுகள் பற்றியெரியும் நாடுகள் உள்ளன. இலங்கையிலோ இடிமின்னல் மிகுந்த காலம் மழையையும் உடன் கொண்டுவருகின்றது. எனவே, இங்கு ஏற்படும் காட்டுத்தீ ஏறத்தாழ முழுவதும் மனிதரின் கைவேலையே. கால்நடைகளுக்கு இளம்புல் துளிர்க்கவும், வேட்டையாடவும், காணி துப்புரவாக்கவும், சிலவேளை வெறும் வேடிக்கைக்காகவும் தீ வைக்கப்படுகின்றது.

காட்டுத்தீ நன்மையும் பயக்கும் என்று அவுஸ்திரேலியாவை உதாரணங்காட்டுவோர் உளர். அந்நாட்டின் வடபகுதிப் புல்வெளிக் காடுகளில், புல்லில் ஈரம் எஞ்சியிருக்கும்போதே ஆதிக்குடிகள் சிறுசிறு தீயிட்டுப் பின்னாளில் வரக்கூடிய பெருந்தீயைத் தவிர்ப்பது உண்மையே. மேற்கு ஆர்ன்ஹெம் பிரதேசத்தில் 2006 முதல் இம்முறை பெருந்திட்டமாகவே நடைபெறுகின்றது. ஆனால், எம்மவர் பலர் குடியேறியுள்ள விக்டோரியாவின் நெடிதுயர்ந்த மலை யூக்கலிப்டஸ் காடுகளுக்கு அது பொருந்தாது. கடுந்தீயில் மடியும் அம்மரங்கள் விதையிலிருந்தே மீள முளைக்கின்றன. அக்கன்றுகள் விதை தரும் பருவத்தை எட்ட ஏறக்குறைய 20 ஆண்டுகள் செல்லும். அதற்குள் மீண்டும் தீ மூண்டால் காடே இல்லாதொழியும். 2009 பெப்ரவரியில் அம்மாநிலத்தில் 173 பேரைப் பலிகொண்ட தீ, இத்தகைய காடுகளையும் எரித்தது.

எமது மலைகளில் மானாப் புல் மழை கண்டதும் வேரிலிருந்து துளிர்த்துவிடும். அதனை அடுத்துள்ள ஈரவலய மலைக்காட்டுக்கு அந்த ஆற்றல் இல்லை. ஒவ்வொரு தீயும் காட்டின் விளிம்பைத் தின்ன, புல் அவ்விடத்தைப் பிடித்துக்கொள்கின்றது. முன்னர் நடப்பட்ட பைனஸ் தோப்புக்களில் குவிந்துகிடக்கும் பிசின் நிறைந்த சருகோ தீக்கு எண்ணெய் வார்ப்பதாக உள்ளது. ஒக்டோபர் மழையில் கரியேறிய சரிவின் மேல்மண் கரைந்து, உமா ஓயா வழியே ரந்தம்பே நீர்த்தேக்கத்தைத் தூர்க்கின்றது. கீழேயுள்ள லயன்களுக்கு நீர் தரும் ஊற்றுக்களும் வற்றிப்போகின்றன.

ஒதுக்குக் காடுகளில் தீ மூட்டுவது வனக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றமாகும். சட்டம் தன் கடமையைச் செய்யட்டும். ஆயினும், தீ மூண்டபின் ஹெலிகொப்டரைத் தேடுவதைவிட, ஜூன் முடிவதற்குள் காட்டோரங்களில் தீத்தடுப்புப் பட்டிகளைத் துப்புரவாக்குவதே செலவு குறைந்தது. புகையை முதலில் காண்பவர்கள் தோட்ட மக்களே. அப்பணியை உரிய ஊதியத்துடன் அவர்களிடம் ஒப்படைப்பது குறித்து வனப் பாதுகாப்புத் திணைக்களமும் தோட்டக் கம்பனிகளும் அடுத்த வரட்சிக்கு முன்னரே பேசி முடிவுசெய்தல் வேண்டும்.