நிலம் நடுங்கும் நாடுகள் – 7: அசையாமல் இருந்த 260 கிலோமீட்டர்

சென்ற வாரம் ஜப்பானின் நோட்டோ தீபகற்பத்தைப் பார்த்தோம். பெரிய நிலநடுக்கம் வருவதற்கு முன் மூன்று ஆண்டுகள் அங்கே சிறு அதிர்வுகள் ஓயாமல் வந்துகொண்டிருந்தன. மியான்மரின் சகாயிங் பிளவு அதற்கு நேர்மாறு. நெடுங்காலம் அசையாமல் கிடந்த பகுதிதான் அங்கே ஆபத்தானதாக இருந்தது.

வடக்கே கச்சின் மலைகளிலிருந்து தெற்கே அந்தமான் கடல்வரை 1,200 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பிளவு இது. இந்தியத் தட்டு வடக்கே நகர, பிளவின் மேற்குப் பக்கமும் அதோடு இழுபட்டு ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் நகரப் பார்க்கிறது. ஆனால் இரு பக்கப் பாறைகளும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருக்கின்றன. நகர முடியாமல் போன தூரமெல்லாம் விசையாகச் சேர்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் இந்தப் பிளவு துண்டு துண்டாக உடைந்தது. 1930 மே மாதம் பகோ நகரம் சிதைந்து, அதன் புகழ்பெற்ற ஷ்வேமாடோ பகோடா சரிந்தது. 1931இல் வடக்கே, 1946இல் ஒரே நாளில் இரண்டு முறை, 1956இல் சகாயிங் அருகே, பிறகு 1991இல். இவற்றின் இடங்களைத் திருத்தமாகக் கணித்து வரைபடத்தில் குறித்த நொபுவோ ஹுருகாவாவும் ஃபியோ மாங் மாங்கும், மத்திய மியான்மரில் 260 கிலோமீட்டர் நீளம் மட்டும் உடையாமல் இருப்பதை 2011இல் சுட்டிக்காட்டினார்கள். 7.9 அளவுவரை நிலநடுக்கம் வரலாம் என்றும் எழுதினார்கள். 2005இல் இராணுவ அரசு குடிபுகுந்த புதிய தலைநகர் நேப்பிடோ உடையாத அந்த இடைவெளிக்குள்தான் இருந்தது. அங்கே முந்தைய பெரிய நிலநடுக்கம் 1839இல் வந்ததாகக் கருதப்படுகிறது. ஆவா நகரம் பாழாகி, தலைநகரே அமரபுரத்துக்கு மாறிய ஆண்டுகள் அவை.

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை, பகல் 12.50. மண்டலே அருகே 7.7 அளவில் தொடங்கிய உடைப்பு, துணி கிழிவதுபோல் தெற்கே ஓடியது. 450 கிலோமீட்டருக்கும் மேல் ஓடிற்று. தன்னிடமிருந்து கிளம்பி நிலத்தைக் குறுக்காக உலுக்கும் அதிர்வலைகளையே முந்திக்கொண்டு சில இடங்களில் உடைப்பு பாய்ந்திருக்கிறது. தாசி அருகே ஒரு வளாகத்தின் கண்காணிப்புக் கேமராவில், வாசலுக்கு அப்பால் இருந்த நிலம் அப்படியே பக்கவாட்டில் வழுக்கிப் போவது பதிவாகியிருக்கிறது. அந்தக் காட்சியை அளந்த கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சொல்வது: 2.5 மீட்டர் நகர்வு, 1.3 நொடியில். தலைமுறை தலைமுறையாக நகர மறுத்த நிலம் அந்தக் கண்ணிமைப்பில் நகர்ந்துவிட்டது. பிளவு வழுக்குவதை இவ்வளவு நேரடியாகக் காட்டும் பதிவு அறிவியலுக்கு இதற்குமுன் வாய்த்ததில்லை.

இடைவெளிக் கணக்கு பலித்தது என்று அதோடு முடித்துவிட முடியாது. 1946இலும் 1956இலும் உடைந்த பகுதிகளையும் சேர்த்தே இந்த உடைப்பு கிழித்தது. அண்மையில் உடைந்த இடம் பாதுகாப்பானது என்ற நம்பிக்கையை இனி யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது.

ரமலானின் கடைசி வெள்ளித் தொழுகைக்காகப் பள்ளிவாசல்களில் கூடியிருந்தவர்கள் உட்பட, மியான்மரில் 3,600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1,000 கிலோமீட்டர் தள்ளி, மென்மையான களிமண்மீது நிற்கும் பாங்காக்கில், கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று தொழிலாளர்களோடு இடிந்து விழுந்தது. மியான்மரில் இடிபாடுகளைத் தோண்டிக்கொண்டிருந்த நாட்களிலும் உள்நாட்டுப் போரின் வான்தாக்குதல்கள் தொடர்ந்தன. என்னால் ஏற்கவே முடியாத செய்தி அதுதான். பதினான்கு ஆண்டுகள் முன்கூட்டியே எழுதப்பட்ட எச்சரிக்கையைச் செங்கல் சுவர்களைப் பலப்படுத்தும் வேலையாக மாற்ற அமைதியான அரசு வேண்டும், பணம் வேண்டும். அந்த மக்களுக்கு இரண்டுமே கிடைக்கவில்லை.

2011ஆம் ஆண்டுக் கட்டுரை இன்னோர் இடைவெளியையும் குறித்திருந்தது. அந்தமான் கடலடியில் 180 கிலோமீட்டர். அதை 2025இன் உடைப்பு எட்டவில்லை. அதற்கு வடக்கே, பிளவிலிருந்து சில பத்து கிலோமீட்டர் தூரத்தில்தான் யாங்கூன் இருக்கிறது. நம் முன்னோர் பலர் பிழைக்கப் போன பழைய ரங்கூன். இன்று அங்கே 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வசிக்கிறார்கள். அந்த நகரத்தின் கட்டடங்களை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)