குளிர் பெட்டியா? ஐஸ் பெட்டியா?

பழவேற்காட்டு மீனைக் காப்பது எது? ஒரு சின்னக் கணக்கு

பழவேற்காடு ஏரியில் இறால் உண்டு, மடவை உண்டு, நண்டு உண்டு. நம் நாட்டு உப்பங்கழி ஏரிகளில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி பெரியது இதுதான். தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலுமாகப் பரந்து கிடக்கிறது. சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோ மீட்டரில் இருக்கிறது.

கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர்மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் "பாடு" என்று ஒரு பழைய முறை உண்டு. இன்று யார், எந்த இடத்தில் வலை போடுவது என்பதை முறை வைத்துப் பங்கிட்டுக் கொள்வார்கள். முறை வந்த அன்றுதான் அந்த இடத்தில் மீன் பிடிக்கலாம். முறை தவறினால் அடுத்த முறை வரும்வரை காத்திருக்க வேண்டும்.

அப்படிக் காத்திருந்து பிடித்த மீன் கெட்டுப்போனால் எப்படி இருக்கும்? அன்றைய உழைப்பு முழுவதும் வீண்!

மீனுக்கு முதல் எதிரி வெயில். கரைக்கு வந்த மீன் பொன்னேரிக்கோ சென்னைக்கோ போய்ச் சேரும்வரை அதைக் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டும். இதற்கு ஐஸ் இருக்கிறது. ஆனால் ஐஸ் உருகுகிறது. நாள்தோறும் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது.

இந்த நேரத்தில் கடைக்காரர் ஒருவர் ஒரு பெட்டியைக் காட்டுகிறார் என்று வைத்துக் கொள்வோம்.

"அக்கா, இதற்கு ஐஸ் வேண்டாம். கேஸ் வேண்டாம். கார் பாட்டரியில் மாட்டினால் போதும். தானே குளிரும்!"

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வாங்கலாமா?

கடிகாரக்காரர் கண்ட அதிசயம்

அந்தப் பெட்டிக்குள் ஒரு சின்னச் சதுர வில்லை இருக்கிறது. நீளம் 4 சென்டி மீட்டர், அகலம் 4 சென்டி மீட்டர். பிஸ்கட் அளவுதான். அதில் மின்சாரம் பாய்ந்தால் ஒரு முகம் குளிரும். மறு முகம் சுடும்.

இதற்குப் பெல்டியர் வில்லை என்று பெயர். பெல்டியர் ஒரு பிரெஞ்சுக்காரர். முதலில் கடிகாரத் தொழில் செய்தவர். பிறகு விஞ்ஞானத்தில் இறங்கினார். இரண்டு வேறு உலோகங்களை ஒட்டி மின்சாரம் பாய்ச்சினால், ஒட்டிய இடம் சூடாவது மட்டுமல்ல, குளிரவும் செய்கிறது என்பதை 1834-ல் கண்டுபிடித்தார்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1838-ல், ரஷியாவில் லென்ஸ் என்ற விஞ்ஞானி இதைக் கண்ணால் காணும்படி செய்து காட்டினார். ஒட்டிய இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தார். மின்சாரம் பாய்ச்சினார். தண்ணீர் ஐஸாக உறைந்தது! மின்சாரத்தைத் திருப்பி விட்டார். ஐஸ் உருகியது!

இன்றைய வில்லையில் இருப்பது சாதாரண உலோகம் அல்ல. பிஸ்மத், டெல்லூரியம் என்ற இரண்டு பொருள்களைச் சேர்த்துச் செய்த துண்டுகள். இரண்டிரண்டு துண்டுகளாக ஜோடி சேர்த்து, வரிசையாக அடுக்கியிருப்பார்கள்.

குளிர்ச்சியை இந்த வில்லை "உண்டாக்குகிறது" என்று நினைக்கக் கூடாது. ஒரு முகத்தில் இருக்கும் வெப்பத்தை எடுத்து மறு முகத்தில் கொண்டுபோய்ப் போடுகிறது. அவ்வளவுதான். அது ஒரு வெப்பக் கூலி!

எண்கள் என்ன சொல்கின்றன?

கடைகளில் அதிகம் கிடைக்கும் வில்லையின் பெயர் "டி.இ.சி.1-12706". இதைப் படிக்கத் தெரிந்து கொள்ளுங்கள். 127 என்பது உள்ளே இருக்கும் ஜோடிகளின் எண்ணிக்கை. 06 என்பது அது தாங்கும் மின்சாரம், 6 ஆம்பியர்.

இதன் விவரத் தாளில் இரண்டு முக்கியமான எண்கள் உண்டு. ஒன்று "கியூ மேக்ஸ்", 57 வாட். மற்றொன்று "டெல்டா டி மேக்ஸ்", 75 டிகிரி. இவை வில்லையின் சுடும் முகம் 50 டிகிரியில் இருக்கும்போது உள்ள கணக்கு.

"57 வாட் வேகத்தில் வெப்பத்தை இழுக்கும். 75 டிகிரி வரை குளிரும். அடேயப்பா!" என்று தோன்றும். இங்கேதான் ஏமாந்து போகிறோம். இரண்டு எண்களும் சரிதான். ஆனால் இரண்டும் ஒரே சமயத்தில் கிடைக்காது!

ஒரு மூட்டை தூக்கும் ஆளை நினைத்துக் கொள்ளுங்கள். அவர் சமதரையில் 57 கிலோ சுமப்பார். ஆனால் படி ஏற ஏறச் சுமை குறைய வேண்டும். 75 படி ஏற வேண்டுமானால் வெறுங்கையோடுதான் ஏற முடியும்.

பெல்டியர் வில்லையும் அப்படித்தான். இரண்டு முகங்களும் ஒரே சூட்டில் இருந்தால் 57 வாட் வெப்பத்தை இழுக்கும். ஆனால் அப்போது குளிர்ச்சியே இல்லையே! இரண்டு முகங்களுக்கும் 75 டிகிரி வித்தியாசம் வந்துவிட்டால், இழுக்கும் வெப்பம் பூஜ்யம்.

நமக்கு வேண்டியது இடையில் உள்ள கணக்கு. பழவேற்காட்டில் பகல் வெப்பம் 33 டிகிரி என்று வையுங்கள். வில்லையின் சுடும் முகம் அதைவிடச் சூடாக, சுமார் 48 டிகிரியில் இருக்கும். மீன் பெட்டிக்குள் குளிர் முகம் 0 டிகிரிக்கு வர வேண்டும். வித்தியாசம் 48 டிகிரி.

அதாவது நம் ஆள் 48 படி ஏற வேண்டும். அப்போது அவரால் சுமக்க முடிவது எவ்வளவு? சுமார் 20 வாட். பெயர்ச் சீட்டில் 57, பெட்டிக்குள் 20!

வாங்குவது 60, கொடுப்பது 20

இந்த 20 வாட் வேலைக்கு வில்லை வாங்கும் கூலி எவ்வளவு? 12 வோல்ட் பாட்டரியில் மாட்டினால் ஏறக்குறைய 5 ஆம்பியர் இழுக்கும். பன்னிரண்டை ஐந்தால் பெருக்குங்கள். 60 வாட்!

60 வாட் வாங்கிக்கொண்டு 20 வாட் வேலை செய்கிறது. மூன்றில் ஒரு பங்கு. இதுதான் அதன் திறன்.

வீட்டுப் பிரிட்ஜ் அப்படியல்ல. ஒரு வாட் மின்சாரம் வாங்கினால் சாதாரணமாக ஒன்றரை வாட் வெப்பத்தை வெளியேற்றும். நல்ல பிரிட்ஜ் அதற்கு மேலும் செய்யும். அதில் அழுத்தும் யந்திரமும் வாயுவும் உண்டு. எடை அதிகம், ஆனால் வேலையும் அதிகம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உள்ளேயிருந்து எடுத்த 20 வாட்டும், வாங்கிய மின்சாரம் 60 வாட்டும் சேர்ந்து, 80 வாட் வெப்பமாகச் சுடும் முகத்தில் வந்து நிற்கும். அதை வெளியேற்ற அலுமினியத் தகடுகளும் விசிறியும் வேண்டும். கடற்கரை உப்புக் காற்றில் விசிறி கெட்டு நின்றால் வெப்பம் வெளியேற வழியில்லை. உள்ளே குளிர்ச்சியும் நின்றுவிடும். வில்லையே கருகிப்போகவும் கூடும்.

பத்துக் கிலோ மீன்

இனி மீனுக்கு வருவோம். 30 டிகிரியில் இருக்கும் 10 கிலோ மீனை 0 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குச் சுமார் 250 கிலோ கலோரி வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும்.

20 வாட் வில்லை இதைச் செய்ய எவ்வளவு நேரமாகும்? சுமார் 15 மணி நேரம்! தொடக்கத்தில் சற்று வேகமாக இழுக்கும் என்பது உண்மை. ஆனாலும் அரை நாள் கணக்குதான். காலையில் வைத்த மீன் குளிர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். மீன் அதுவரை காத்திருக்குமா?

அந்த 15 மணி நேரத்தில் 12 வோல்ட், 75 ஆம்பியர்-மணி கொண்ட ஒரு பெரிய பாட்டரி முழுவதும் காலியாகிவிடும்.

இதோடு முடியவில்லை. பெட்டியின் சுவர் வழியாகவும் வெப்பம் உள்ளே வந்துகொண்டே இருக்கும். சுவர் 3 சென்டி மீட்டர் தெர்மாகோல் உள்ள நடுத்தரப் பெட்டி என்று வையுங்கள். வெளியே 33, உள்ளே 5 டிகிரி என்றால், 25 வாட் அளவுக்கு வெப்பம் உள்ளே வரும். வில்லை இழுப்பதோ 20 வாட். வரவை விடச் செலவு குறைவு! பெட்டி 5 டிகிரிக்கு இறங்கவே இறங்காது.

அதனால்தான் இப்படிப்பட்ட பெட்டிகளில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். "வெளி வெப்பத்தைவிட 15 முதல் 20 டிகிரி குறைவாகக் குளிரும்" என்று எழுதியிருக்கும். 33-ல் 20 போனால் 13. சர்பத் குடிக்க 13 டிகிரி போதும். மீனுக்குப் போதாது!

ஐஸின் மாயம்

ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 80 கிலோ கலோரி வெப்பத்தை விழுங்கிவிடும். ஒரு கிலோ தண்ணீரை 80 டிகிரி சூடேற்றுவதற்கு எவ்வளவு வெப்பம் வேண்டுமோ அவ்வளவு!

ஆகவே நம் 10 கிலோ மீனைக் குளிர்விக்க 3 கிலோவுக்குச் சற்று மேல் ஐஸ் போதும். 15 மணி நேரம் காத்திருக்கவும் வேண்டாம். உடைத்த ஐஸ் மீனை எல்லாப் பக்கமும் தொட்டுக் கொண்டிருப்பதால் வேகமாகக் குளிரும்.

"ஐஸும் மின்சாரத்தில்தானே செய்கிறார்கள்?" என்று கேட்கலாம். சரியான கேள்வி. பெரிய ஐஸ் தொழிற்சாலையில் ஒரு கிலோ ஐஸ் செய்ய ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. மூன்று கிலோவுக்கு மூன்றில் ஒரு பங்கு யூனிட் என்றே வையுங்கள். வில்லையோ அதே வேலைக்கு ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாகத் தின்கிறது.

அப்படியானால் 10 கிலோ மீனுக்கு 3 கிலோ ஐஸ் மட்டும் வைத்தால் போதுமா? போதாது. அது குளிர்விப்பதற்கு மட்டுமே. சுவர் வழியே வரும் வெப்பம், மணிக்குக் கால் கிலோவுக்கு மேல் ஐஸை உருக்கிவிடும். மூடியைத் திறக்கும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் போகும். ஆகவேதான் நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்று மீன்துறை வல்லுநர்கள் சொல்கிறார்கள். பத்தில் மூன்று பங்கு மீனைக் குளிர்விக்க. மீதி ஏழு பங்கு, வழியில் காவல் நிற்க!

குளிர்ச்சியைக் கட்டி எடுத்துக்கொண்டு வெகுதூரம் போகலாம் என்பதற்குச் சென்னையிலேயே சாட்சி இருக்கிறது. திருவல்லிக்கேணிக் கடற்கரையில் உள்ள "ஐஸ் ஹவுஸ்" கட்டடம் 1842-ல் எழுந்தது. அமெரிக்காவில் உறைந்த ஏரிகளில் வெட்டிய ஐஸைக் கப்பலில் கொண்டுவந்து அங்கே வைத்து விற்றார்கள். மரத்தூளைப் பொதிந்து, பாதி உலகம் தாண்டிக் கொண்டுவந்தார்கள்! 1897-ல் விவேகானந்தர் தங்கியதும் அந்தக் கட்டடத்தில்தான்.

வயிற்றுக்கு ஆபத்து

மீன் கெட்டால் காசு மட்டும் போவதில்லை. கானாங்கெளுத்தி, சூரை, மத்தி போன்ற மீன்களைக் குளிர்ச்சி இல்லாமல் வைத்தால், அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேரும். சாப்பிட்டவருக்கு முகம் சிவக்கும், தலை வலிக்கும், உடம்பில் தடிப்பு வரும், வாந்தியும் வரும்.

மீன் பார்க்க நன்றாகவே இருக்கலாம். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் ஹிஸ்டமின் போகாது. பிடித்த உடனே 4 டிகிரிக்குக் கீழே குளிர்விப்பதுதான் பாதுகாப்பு. 13 டிகிரிப் பெட்டியை நம்பினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படியானால் வில்லை வீணா?

இல்லை! அதற்கும் ஏற்ற இடம் உண்டு.

அதில் ஓடும் பாகம் கிடையாது. வாயு கிடையாது. மின்சாரத்தைத் திருப்பினால் குளிர்ந்த முகமே சுடும். ஆகவே சோதனைக் கூடக் கருவிகளிலும், லேசர் கருவிகளிலும், வான நட்சத்திரங்களைப் படமெடுக்கும் காமிராக்களிலும் அது அருமையாக வேலை செய்கிறது. அங்கே குளிர்விக்க வேண்டிய பொருள் சின்னது. ஒரு டிகிரிகூடப் பிசகக் கூடாது.

வீட்டிலும் சின்ன வேலைக்கு உதவும். இன்சுலின் ஊசி போட்டுக் கொள்பவர், தினமும் எடுக்கும் மருந்தை வெயில் தாக்காமல் பஸ்ஸில் கொண்டுபோகலாம். ஆனால் பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரியில், உறையாமல் வைக்க வேண்டும். அதற்குப் பிரிட்ஜ்தான் சரி. பிரித்த மருந்தை வெளியே எத்தனை நாள் வைக்கலாம் என்பது மருந்துப் பெட்டியில் உள்ள தாளிலேயே இருக்கும்.

நம் ஊர் சுகாதாரப் பணியாளர் தடுப்பூசி மருந்து கொண்டுவரும் பெட்டியைக் கவனித்திருக்கிறீர்களா? அதில் பாட்டரி இல்லை. நான்கு ஐஸ் பைகள்தான் இருக்கின்றன. குழந்தைகளின் உயிர் காக்கும் மருந்துக்கே ஐஸ்தான் காவல்!

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

குளிர் பெட்டி வாங்கப் போகிறவர் கடைக்காரரிடம் இவற்றைக் கேட்க வேண்டும்:

1. வெளி வெப்பத்தைவிட எத்தனை டிகிரி குறையும்? உங்கள் ஊர்ச் சித்திரை வெயிலிலிருந்து அதைக் கழித்துப் பாருங்கள்.

2. எத்தனை வாட் மின்சாரம் இழுக்கும்? உங்கள் பாட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்?

3. பெட்டிச் சுவர் எவ்வளவு கனம்? மூடி இறுக்கமாக மூடுகிறதா?

4. விசிறி கெட்டால் பழுது பார்க்க ஆள் உண்டா?

பதில்கள் திருப்தியாக இல்லையென்றால் பெட்டியை அங்கேயே வைத்துவிடுங்கள். அந்தப் பணத்தில் கனமான சுவருள்ள ஒரு நல்ல ஐஸ் பெட்டி வாங்குங்கள். அடியில் ஒரு வரிசை ஐஸ், அதன்மேல் ஒரு வரிசை மீன், மறுபடி ஐஸ் என்று அடுக்குங்கள். நல்ல தண்ணீரில் செய்த ஐஸாக இருக்கட்டும். உருகிய தண்ணீர் வடிய ஒரு துளை இருக்கட்டும். பெட்டியை நிழலில் வையுங்கள்.

பாடு முறையில் காத்திருந்து பிடித்த மீன், சந்தைக்குப் போய்ச் சேரும்போதும் கண் மங்காமல், செவுள் சிவப்பாக இருக்கும். விலையும் கைக்கு வரும்!