ஜகார்த்தாவின் சிவப்புத் தேதிகள்

இந்தோனேசியாவிலும் நம் ஊரைப் போலவே காலண்டரில் விடுமுறை நாட்கள் சிவப்பில்தான் இருக்கும். 2025-ஆம் ஆண்டுக் காலண்டரில் 17 தேசிய விடுமுறைகள். நோன்புப் பெருநாளுக்கு இரண்டு நாள், ஹஜ்ஜுப் பெருநாள், இஸ்லாமியப் புத்தாண்டு, மிஃராஜ், மீலாது நபி என்று முஸ்லிம்களுக்கு ஆறு. பெரிய வெள்ளி, ஈஸ்டர், இயேசுவின் விண்ணேற்ற நாள், கிறிஸ்துமஸ் என்று கிறிஸ்தவர்களுக்கு நான்கு. இந்துக்களின் ஞெபி, பௌத்தர்களின் வைசாகம், சீனப் புத்தாண்டான இம்லெக் ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள். மிச்சம் நான்கும் எல்லோருக்கும் பொது. ஜகார்த்தாவில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் முஸ்லிம்கள். இந்தப் பதினேழு நாளும் அந்த நகரம் முழுவதுக்கும் லீவு.

இவற்றில் ஒரு பண்டிகைக்கு மட்டும் 32 வருடம் தடை இருந்தது. அது இம்லெக்.

அன்று

ஜகார்த்தாவின் பூர்வகுடிகளான பெத்தாவிகள் முஸ்லிம்கள். சீனர்களும் அவர்களும் பல தலைமுறைகளாக அக்கம்பக்கத்தில் வாழ்ந்தவர்கள். பெத்தாவி கல்யாணத்தில் வாசிக்கும் கம்பாங் குரோமோங் இசையில் சீனத்து நரம்புக் கருவிகளும் ஜாவா தாள வாத்தியங்களும் சேர்ந்தே ஒலிக்கும். இம்லெக் நெருங்கும்போது மேற்கு ஜகார்த்தாவின் ராவா பெலோங் பகுதியில் பால்கெண்டை மீன் வியாபாரம் களைகட்டும். சீனர்கள் படையலுக்கு வாங்குவார்கள். பெத்தாவி மாப்பிள்ளை மாமனார் வீட்டுக்கு வாங்கிப் போவார். எவ்வளவு பெரிய மீனோ அவ்வளவு மரியாதை. மஞ்சளும் இஞ்சியும் மிளகாயும் சேர்த்து, புளிப்பும் இனிப்புமாக மாமியார் அதைக் குழம்பு வைப்பார். பண்டிகை சீனருடையது, சீர் முஸ்லிம் வீட்டுக்கு.

சுதந்திரம் அறிவித்த மறு ஆண்டே, 1946-இல், புதிய அரசு வெளியிட்ட விடுமுறை ஆணையில் சீனர் பண்டிகைகளுக்கும் இடம் இருந்தது. 1965-இல் நடந்த ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சி எல்லாவற்றையும் மாற்றியது. பழி கம்யூனிஸ்டுகள் மீது விழுந்தது. அவர்களுக்குப் பின்னால் பீஜிங் இருந்தது என்ற சந்தேகத்தில், உள்நாட்டுச் சீனர் அனைவரையும் அடுத்து ஆட்சிக்கு வந்த சுஹார்த்தோவின் அரசு குற்றவாளிகளைப் போலப் பார்த்தது. 1967 டிசம்பரில் பிறந்தது 14-ஆம் எண் அதிபர் ஆணை. சீனரின் சமயச் சடங்குகளும் பழக்கவழக்கங்களும் வீட்டுக்குள்ளேயே முடிந்துவிட வேண்டும், பொது இடத்தில் கண்ணில் படும்படி எதுவும் கூடாது என்றது அந்த ஆணை.

அதன்பின் இம்லெக் காலண்டரில் வெறும் கறுப்புத் தேதி ஆயிற்று. பிள்ளைகள் அன்றும் பள்ளிக்கூடம் போனார்கள். பாரோங்சாய் என்னும் சிங்க நடனம் தெருவிலிருந்து மறைந்தது. கடைப் பலகைகளில் இருந்த சீன எழுத்துகளை அழித்தார்கள். ஆட்கள் சொந்தப் பெயரை விட்டு இந்தோனேசியப் பெயர் வைத்துக்கொண்டார்கள். கோயில்களுக்கும் அதே கதிதான். ஜகார்த்தாவின் சீனர் பகுதியான குளோடோக்கில் 1650 முதல் இருந்துவரும் கிம் தெக் இ கோயில், தர்ம பக்தி விகாரை என்ற பௌத்தப் பெயருக்குள் ஒளிந்து பிழைத்தது. ஞெபிக்கும் வைசாகத்துக்கும் தேசிய விடுமுறை கிடைத்தது இதே சுஹார்த்தோ காலத்தில், 1983-இல். பன்முகத்தன்மையைப் பற்றி வாய் ஓயாமல் பேசிய அரசு, ஒரு சமூகத்தை மட்டும் வீட்டுக்குள் பூட்டி வைத்தது.

பூட்டி வைத்ததன் விளைவு 1998 மே மாதம் தெரிந்தது. பொருளாதாரம் சரிந்து விலைவாசி தாறுமாறாக ஏறியபோது கலவரக்காரர்களின் கோபம் சீனர்மேல் திரும்பியது. குளோடோக்கின் கடைகள் எரிந்தன. சீனப் பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். நகரம் முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். எரிந்த கட்டடங்களுக்குள் சிக்கி மாண்டவர்களில் பெரும்பாலோர் ஏழை முஸ்லிம்கள். அந்த மே 21-ஆம் தேதி சுஹார்த்தோ பதவி விலகினார்.

இன்று

தடையை நீக்கியவர் ஓர் ஆலிம். நாட்டின் மிகப் பெரிய முஸ்லிம் அமைப்பான நஹ்த்லதுல் உலமாவை 15 ஆண்டுகள் வழிநடத்திய அப்துர்ரஹ்மான் வாஹித், மக்கள் செல்லமாக அழைக்கும் குஸ் துர், 1999 அக்டோபரில் அதிபரானார். 2000 ஜனவரியிலேயே 1967 ஆணையை ரத்து செய்தார். அடுத்த ஆண்டு இம்லெக் விருப்ப விடுமுறை ஆனது. அவருக்குப் பின் வந்த மேகாவதி அதைத் தேசிய விடுமுறையாக அறிவிக்க, 2003-இல் அந்தத் தேதி சிவப்பாயிற்று.

இப்போது இம்லெக் இரவில் குளோடோக்கின் பெத்தாக் செம்பிலான் சந்துக்குள் நுழைந்தால் ஊதுபத்திப் புகையில் கண் எரியும். ஆள் உயரச் சிவப்பு மெழுகுவத்திகள் விடிய விடிய எரிகின்றன. 2015-இல் தீக்கிரையான தர்ம பக்தி விகாரையிலும் வழிபாடு நிற்கவில்லை. மால்களில் பாரோங்சாய் நடக்கிறது. சிங்கத்தின் உடைக்குள் இருக்கும் இளைஞர்களில் பலர் முஸ்லிம்கள். ராவா பெலோங்கில் மாப்பிள்ளைமார் இன்னும் பால்கெண்டைக்குப் பேரம் பேசுகிறார்கள்.

மற்ற பண்டிகைகளும் நகரத்துக்குள் இடம் பிடித்திருக்கின்றன. 1978-இல் திறந்த இஸ்திக்லால் பள்ளிவாசலை வடிவமைத்த ஃபிரெட்ரிக் சிலாபான் ஒரு கிறிஸ்தவர். எதிரே நிற்பது கத்தோலிக்கப் பேராலயம். கிறிஸ்துமஸுக்குப் பள்ளிவாசல் வளாகத்தில் வண்டி நிறுத்தலாம். பெருநாளுக்குப் பேராலயம் இடம் கொடுக்கும். இரண்டையும் இணைக்கும் சுரங்கப்பாதையும் இப்போது வந்துவிட்டது. போனஸ் விஷயத்திலும் இதே நியாயம்தான். ஒரு வருடம் வேலை பார்த்தவருக்கு ஒரு மாதச் சம்பளம் பண்டிகை போனஸாகத் தர வேண்டும் என்பது சட்டம். முஸ்லிமுக்கு நோன்புப் பெருநாளுக்கு முன், கிறிஸ்தவருக்குக் கிறிஸ்துமஸுக்கு முன், இந்துவுக்கு ஞெபிக்கு முன். 2016-ஆம் ஆண்டு விதி கன்பூசிய மதத்தினரின் இம்லெக்கையும் சேர்த்துக்கொண்டது.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். சீனக் கிறிஸ்தவரான ஜகார்த்தா ஆளுநர் பாசுகி புர்னாமா 2017-இல் தேர்தலில் தோற்றார். அடுத்த மாதமே மத நிந்தனை வழக்கில் சிறை சென்றார். அவருக்கு எதிராக ஜகார்த்தாவில் திரண்ட கூட்டம் லட்சக்கணக்கில் இருந்தது. இந்தோனேசியாவில் வாழும் தமிழர்களின் தீபாவளிக்கும் அந்தப் பதினேழில் இன்னும் இடமில்லை.

இருந்தும், காலண்டரில் ஒரு தேதி நிறம் மாறுவது சின்ன விஷயமல்ல. பக்கத்து வீட்டில் ஏன் விளக்கு எரிகிறது என்று ஒரு முஸ்லிம் குழந்தை கேட்கும். அம்மா பதில் சொல்வாள். அதற்கு அன்று இருவருக்கும் நேரம் இருக்கும். இம்லெக்கைச் சேர்த்ததால் ஜகார்த்தாவின் பெருநாள் தொழுகைக்கு வரும் கூட்டம் குறைந்துவிடவில்லை. அதைத் தடுத்த 32 வருடங்களில் அந்த நகரம் இழந்த நிம்மதிதான் அதிகம். பண்டிகை விடுமுறைகள் அதிகம், குறைக்க வேண்டும் என்ற பேச்சு நம் நாட்டிலும் அவ்வப்போது எழுகிறது. பேசுகிறவர்கள் வேலைநாள் கணக்கோடு இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.