பூமிக்கு அடியில் உப்பு குகையில் கியாஸ் குடோன்: கடலூர், சிதம்பரத்தில் அமைக்க முடியுமா?

கடலூர்,

சிலிண்டர் புக் செய்து நாலு நாள் தள்ளிப்போனாலே வீட்டில் முணுமுணுப்பு ஆரம்பித்து விடுகிறது. மழை வெள்ளத்தில் ரோடு துண்டிக்கப்பட்டு லாரி வராவிட்டால் கேட்கவே வேண்டாம். அதனால்தான் வசதி உள்ளவர்கள் வீட்டில் இரண்டாவது சிலிண்டர் வைத்துக் கொள்கிறார்கள்.

ஒரு வீட்டுக்கு சரி. ஒரு நாட்டுக்கே "இரண்டாவது சிலிண்டர்" வேண்டும் என்றால் அதை எங்கே வைப்பது? பல நாடுகள் இதற்கு கண்டுபிடித்த இடம் பூமிக்கு அடியில். அதிலும் உப்பு பாறையை குடைந்து, அந்த குகைக்குள் கியாசை அடைத்து வைக்கிறார்கள்.

"மரக்காணம், வேதாரண்யம்னு ரெண்டு பக்கமும் உப்பளம் இருக்கே, நடுவுல இருக்கிற நம்ம ஊர்ல ஒரு குகை தோண்டினா என்னங்க?" என்று டீக்கடையில் யாராவது கேட்டால் அது நியாயமான கேள்விதான். இதுபற்றிய விவரம் வருமாறு:-

உப்பளம் வேறு, உப்பு பாறை வேறு

மரக்காணத்தில் விளைவது கடல் தண்ணீரை வெயிலில் காய வைத்து எடுக்கும் உப்பு. தரைக்கு மேலே பாத்தியில் கிடைப்பது. கியாஸ் சேமிக்க தேவைப்படுவது பாறை உப்பு. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு வற்றிப்போன கடலின் உப்பு, மண்ணுக்கு அடியில் புதைந்து நூற்றுக்கணக்கான மீட்டர் கனத்தில் பாறையாக இறுகி கிடக்கும்.

அந்த பாறை வரை ஆழ்துளை கிணறு போடுவார்கள். குழாய் வழியாக தண்ணீரை உள்ளே விடுவார்கள். சர்பத்தில் சர்க்கரை கரைவது போல உப்பு கரையும். கரைந்த உப்புத் தண்ணீரை வெளியே எடுக்க எடுக்க உள்ளே பெரிய குகை உருவாகும். ஆள் யாரும் இறங்கி தோண்டுவது இல்லை. பிறகு அதே கிணறு வழியாக கியாசை அழுத்தி நிரப்புவார்கள். உப்பு பாறையில் கியாஸ் ஊடுருவாது. லேசான விரிசல் வந்தாலும் அழுத்தத்தில் தானாகவே மூடிக்கொள்ளும்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள மேரிஸ்வில் என்ற ஊரில் 1961-ம் ஆண்டு இந்த முறையில் இயற்கை கியாஸ் சேமிக்கப்பட்டது. ஜெர்மனியிலும் இப்படி ஏராளமான குகைகள் உள்ளன. 2022-ம் ஆண்டு ரஷியாவில் இருந்து கியாஸ் வரத்து குறைந்தபோது, ஐரோப்பிய நாடுகள் குளிர்காலத்தை சமாளிக்க கைகொடுத்தது பூமிக்கு அடியில் இருந்த இருப்புதான்.

இந்தியாவில் என்ன நிலை?

இந்தியாவில் உப்பு குகை சேமிப்பு இல்லை. ராஜஸ்தான் மாநிலம் பிகானீர் பகுதியில் பூமிக்கு அடியில் பாறை உப்பு இருப்பதால், அங்கு கச்சா எண்ணெய் சேமிக்க முடியுமா என்று ஆராயப்பட்டுள்ளது.

ஆனால் கடினமான பாறையை குடைந்து அமைத்த குகைகள் நம் நாட்டில் உள்ளன. ஆந்திர மாநிலம் விசாகப்பட்டினத்தில் சமையல் கியாசுக்கான குகை 2007-08 காலகட்டத்தில் செயல்பாட்டுக்கு வந்தது. இதன் கொள்ளளவு 60 ஆயிரம் டன். ஆழம் 196 மீட்டர், அதாவது சுமார் 640 அடி. சிதம்பரம் நடராஜர் கோவில் கோபுரம் சுமார் 135 அடி உயரம். அப்படி கிட்டத்தட்ட 5 கோபுரத்தை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் வரும் ஆழம் அது.

பாறையில் விரிசல் இருக்குமே, கியாஸ் கசியாதா என்று கேட்கலாம். அங்கே காவல் காப்பது தண்ணீர்தான். குகைக்கு மேலே துளைகள் போட்டு எப்போதும் தண்ணீர் விடப்படுகிறது. பாறை இடுக்கில் நிற்கும் தண்ணீரின் அழுத்தம், உள்ளே இருக்கும் கியாசின் அழுத்தத்தை விட அதிகம். அதனால் கியாஸ் வெளியே வர முடியாது.

கர்நாடக மாநிலம் மங்களூருவிலும் 80 ஆயிரம் டன் கொள்ளளவில் இதே போன்ற குகை 2025-ம் ஆண்டு அமைக்கப்பட்டது. கச்சா எண்ணெய்க்கு என்று விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் ஆகிய 3 இடங்களில் மொத்தம் 53 லட்சம் டன் அளவுக்கு தனியாக குகைகள் உள்ளன.

இரண்டு நாளைக்கு கூட வராது

விசாகப்பட்டினம் குகையில் உள்ள 60 ஆயிரம் டன்னை 14.2 கிலோ சிலிண்டராக பிரித்தால் சுமார் 42 லட்சம் சிலிண்டர் வரும். கேட்க பெரிதாக தெரியும். ஆனால் நாடு முழுவதும் ஆண்டுக்கு 3 கோடி டன்னுக்கு மேல் சமையல் கியாஸ் செலவாகிறது. அதாவது ஒரு நாளைக்கு 80 ஆயிரம் டன்னுக்கு மேல். இரண்டு குகையையும் சேர்த்தாலும் இரண்டு நாளைக்கு கூட வராது. சமையல் கியாசில் பாதிக்கு மேல் கப்பலில் இறக்குமதியாகிறது என்பது குறிப்பிடத்தக்கது.

குழாயில் வரும் இயற்கை கியாஸ் வேறு வகை. இதிலும் ஏறத்தாழ பாதி இறக்குமதிதான். மைனஸ் 162 டிகிரிக்கு குளிர வைத்து திரவமாக்கி கப்பலில் கொண்டு வருகிறார்கள். சென்னை அருகே எண்ணூரில் 2019-ம் ஆண்டு திறக்கப்பட்ட முனையத்துக்கு இப்படித்தான் வருகிறது. அங்கு தரைக்கு மேலே உள்ள டேங்குகளில்தான் அது இருப்பு வைக்கப்படுகிறது.

நம் மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது?

கடலூர் மாவட்டத்தின் பெரும்பகுதியில் அடியில் இருப்பது "கடலூர் மணற்கல்" என்றே பெயர் பெற்ற பாறை. இது தண்ணீரை தேக்கி வைக்கும் பாறை. நெய்வேலியில் நிலக்கரி வெட்ட வேண்டும் என்றாலே, அடியில் அழுத்தத்தோடு நிற்கும் தண்ணீரை இரவு பகலாக பம்பு வைத்து வெளியேற்ற வேண்டியிருக்கிறது. சிதம்பரம் பக்கம் கொள்ளிடமும் வெள்ளாறும் கொண்டு வந்து சேர்த்த வண்டல் மண். குகை வெட்ட தேவையான உப்பு படுகையும் இல்லை, கருங்கல் பாறையும் கைக்கெட்டும் ஆழத்தில் இல்லை.

உப்பு இருந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரு கன மீட்டர் குகை உருவாக்க 7 முதல் 8 கன மீட்டர் தண்ணீர் வேண்டும். அவ்வளவும் உப்புத் தண்ணீராக வெளியே வரும். அதை ஆற்றிலோ வயலிலோ விட்டால் மீனும் போச்சு, நெல்லும் போச்சு.

தவிர, பரங்கிப்பேட்டை, புவனகிரி, கீரப்பாளையம், குமராட்சி, காட்டுமன்னார்கோவில் ஆகிய 5 ஒன்றியங்கள் 2020-ம் ஆண்டு சட்டப்படி பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தில் வருகின்றன. அங்கு எண்ணெய், இயற்கை கியாஸ் எடுக்க புதிதாக கிணறு தோண்ட தடை உள்ளது.

பழைய கிணறு செய்த வேலை

இந்த சேமிப்பில் ஆபத்தே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்தில் ஹட்சின்சன் நகரம் அருகே உப்பு குகைகளில் கியாஸ் சேமித்து வந்தனர். 2001-ம் ஆண்டு ஜனவரி மாதம் ஒரு கிணற்றின் இரும்பு குழாய் சேதம் அடைந்து கியாஸ் கசிந்தது. அது மண்ணுக்கு அடியிலேயே சுமார் 11 கிலோ மீட்டர் தூரம் பயணம் செய்து ஊருக்குள் வந்தது. அந்த காலத்தில் உப்பு எடுக்க தோண்டி, சரியாக மூடாமல் விட்ட பழைய கிணறுகள் வழியாக மேலே பீறிட்டு கிளம்பி வெடித்தது. இதில் 2 பேர் பலியானார்கள்.

குகை உடையவில்லை. மறந்து போன ஓட்டைகள்தான் எமனாக வந்தன. எனவே எந்த ஊரில் இப்படி திட்டம் என்று பேச்சு வந்தாலும் மக்கள் 3 கேள்வி கேட்க வேண்டும். அடியில் என்ன பாறை? உப்புத் தண்ணீர் எங்கே போகும்? சுற்று வட்டாரத்தில் உள்ள பழைய ஆழ்துளை கிணறுகள் கணக்கெடுத்து அடைக்கப்பட்டதா?

வீட்டில் கசிந்தால்...

குகை நம் ஊரில் இல்லாவிட்டாலும் சிலிண்டர் எல்லா வீட்டிலும் இருக்கிறது. சமையல் கியாஸ் காற்றை விட கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். வாடை வந்தால் லைட் சுவிட்சை போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி விட்டு, கதவு, ஜன்னலை திறந்து வைத்து எல்லோரும் வெளியே வந்து விட வேண்டும். பிறகு 1906 என்ற அவசர எண்ணுக்கு போன் செய்தால் உதவி கிடைக்கும்.