கனியா, குருத்தா, கிழங்கா?

உப்புத் தண்ணீரை எந்தப் பயிர் எவ்வளவு தாங்கும் என்று உணவு வேளாண்மை நிறுவனம் வெளியிட்ட அட்டவணையில் பேரீச்சையும் ஆஸ்பராகஸும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிற்கின்றன. மண் கரைசலின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமென்ஸ் வரை உயர்ந்தாலும் பேரீச்சையின் விளைச்சல் குறைவதில்லை. ஆஸ்பராகஸுக்கு அந்த எல்லை 4.1. நெல்லுக்கு 3, வெங்காயத்துக்கு 1.2. பேரீச்சையும் ஆஸ்பராகஸும் ஒருவித்திலைத் தாவரங்கள், பல ஆண்டுகள் வாழ்பவை, வறண்ட நாடுகளில் பணம் கொழிக்க வைத்தவை. ராஜபாளையம், சேத்தூர், தளவாய்புரம் பக்கம் தென்னைக்கும் கரும்புக்கும் மாற்றுத் தேடும் ஒருவர் இந்த அட்டவணையைப் பார்த்தால், வெயிலும் உவர்க்கிணறும் உள்ள ஊரில் இரண்டுமே வந்துவிடும் என்றுதான் நினைப்பார். செடி வரும், அதில் சந்தேகமில்லை. ஆனால் உப்பையோ வறட்சியையோ தாங்குவது என்பது உயிர் பிழைப்பது பற்றிய செய்தி. நமக்கு வேண்டியது செடியின் உயிரல்ல, அதன் ஏதோ ஓர் உறுப்பு. எந்த உறுப்பை எடுக்கிறோம் என்பதுதான் அந்தப் பயிருக்கு என்ன தேவை என்பதை முடிவுசெய்கிறது.

பேரீச்சையில் நாம் எடுப்பது கனி. ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனி. காய்ப்பது பெண் மட்டும். விதை போட்டு வளர்த்தால் ஏறக்குறைய பாதி ஆணாகிவிடும், அதுவும் பூக்கும்வரை சில ஆண்டுகள் தெரியாது. அதனால்தான் பக்கக்கன்றையோ திசு வளர்ப்புக் கன்றையோ விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. ஐம்பது பெண் மரங்களுக்கு ஓர் ஆண் மரத்தின் மகரந்தம் போதும், ஆனால் அதை ஒவ்வொரு பாளைக்கும் ஆள் ஏறிக் கையால் வைக்க வேண்டும். இவையெல்லாம் செலவுக் கணக்கு, சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது மழையின் தேதி. அரபு நாடுகளில் பழம் கிம்ரி, கலால், ருதாப், தமர் என்ற நான்கு பருவங்களைக் கடந்து மரத்திலேயே காய்ந்து பேரீச்சம்பழமாகிறது. கடைசி இரு பருவங்களில் மழையோ ஈரக்காற்றோ பட்டால் பழம் வெடிக்கும், புளிக்கும், பூஞ்சை பிடிக்கும். குஜராத்தின் கச்சில் இதற்கு ஒரு வழி கண்டார்கள்: பருவமழை வருவதற்குள், கலால் பருவத்திலேயே குலையை வெட்டிப் புதுப்பழமாக விற்பது. 2024-இல் புவிசார் குறியீடு பெற்ற கச்சி காரெக் அப்படிப்பட்ட பழம்தான். தருமபுரி மாவட்டத் தோட்டங்களில் வெற்றி கண்ட பர்ஹி ரகமும் மஞ்சளாக, மொறுமொறுவென்று இருக்கும்போதே துவர்ப்பு நீங்கித் தின்னத் தக்கதாகிவிடுகிறது. ஆக, தமிழ்நாட்டில் விளைவது கடைகளில் பொட்டலத்தில் கிடைக்கும் கறுப்புப் பழமல்ல. சில வாரங்களுக்குள் விற்றாக வேண்டிய புதுப்பழம்.

தருமபுரியில் முடிந்தது தளவாய்புரத்தில் முடியாதா என்று கேட்கலாம். காலண்டர் ஓரளவு ஒத்துழைக்கிறது. இங்கே பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. பர்ஹி பறிப்பு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. மேற்குத் தொடர்ச்சி மலை மறைப்பதால் தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதி அந்தப்பக்கமே நின்றுவிடுகிறது, என்றாலும் கணவாய் வழியே தவழ்ந்துவரும் சாரலும் ஈரக்காற்றும் அடிவாரத் தோட்டங்களைத் தொடாமல் இருப்பதில்லை. மலையை விட்டுக் கிழக்கே தள்ளிய நிலம் இதற்குப் பொருத்தம். அதைவிடப் பெரிய இடைஞ்சல் ஏற்கெனவே ஊரில் குடியிருக்கிறது: சிவப்புக் கூன்வண்டு. தெற்காசியாவைத் தாயகமாகக் கொண்ட, நம் தென்னைகளைத் துளைக்கும் இந்த வண்டுதான் 1980-களில் வளைகுடா நாடுகளுக்குப் போய் அங்கே பேரீச்சையின் முதல் எதிரியானது. தென்னந்தோப்புக்கு நடுவே பேரீச்சை நடுவது அதற்குப் பந்தி விரிப்பது போல. ‘காட்டிலே ஈச்ச மரம் தானாக வளர்கிறதே’ என்பதும் வாதமாகாது. நாட்டு ஈச்சையின் பழத்தில் கொட்டைமேல் தோல் போர்த்தியதுபோலச் சதை. அதை நம்பி யாரும் கடன் வாங்கவில்லை.

ஆஸ்பராகஸில் எடுப்பது மண்ணைத் துளைத்து வரும் இளங்குருத்து. இங்கே பால் கணக்கு தலைகீழ். விதை பிடிப்பதில் சத்தைச் செலவழிக்காததால் ஆண் செடிகளே கூடுதல் குருத்து தருகின்றன, நீண்ட காலம் நிற்கின்றன. ஆண் செடிகள் மட்டுமே வரும் கலப்பின விதைகளை உருவாக்கி விற்கிறார்கள். ஒவ்வொரு குருத்தும் வேரில் சேமித்த சர்க்கரையிலிருந்து எடுக்கும் முன்பணம். அறுவடைக்குப் பின் இலைக்கொத்தை வளரவிட்டு அந்தக் கடனை அடைக்க வேண்டும், பிறகு செடி ஓய்வெடுக்க வேண்டும். குளிர்நாட்டில் அந்த ஓய்வைப் பனிக்காலம் தருகிறது. பெருவின் பாலைவனக் கடலோரத்தில் பாசனத்தை நிறுத்தியே ஓய்வு கொடுக்கிறார்கள். அங்கே மழை குறுக்கிடாது. ஆனால் அந்த நாட்டின் இக்கா பள்ளத்தாக்கில் ஏற்றுமதிக்காக இறைத்து இறைத்து நிலத்தடி நீர்மட்டம் சரிந்த கதை, ‘வறட்சி தாங்கும் பயிர்’ என்ற சொல்லை நம்புவோர் அறிய வேண்டியது. தாய்லாந்து வெப்பநாடுதானே, அங்கே விளையவில்லையா என்று கேட்டால், விளைகிறது: சில தண்டுகளைத் தாய்த்தண்டாக விட்டுவிட்டு மற்றவற்றைத் தினமும் அறுக்கும் முறையில். தினமும் விடியலில் ஆள் வேண்டும். அறுத்த குருத்து மணிக்கணக்கில் இனிப்பை இழந்து நாராவதால் உடனே குளிர்பதனம் வேண்டும். கடும் வெயிலில் குருத்தின் நுனி சீக்கிரமே விரிந்து மதிப்பிழக்கும். நைட்டி தைப்பில் நிழலில் உட்கார்ந்து சம்பாதிக்க வழியுள்ள ஊரில், வாங்குவோர் அருகில் இல்லாத ஒரு காய்க்காக விடிகாலை ஆள் தேடுவது வீண் வேலை என்பது என் கருத்து.

மூன்றாவது ஒன்று உண்டு. ஆஸ்பராகஸின் நெருங்கிய உறவு நம் முள்காட்டிலேயே கொடியாகப் படர்கிறது: தண்ணீர்விட்டான். நாம் எடுப்பது இதன் கிழங்கு. மழைக்காலத்தில் ஊசி போன்ற பசுந்தண்டுகளால் உணவு தயாரித்து, கோடைக்கென்று நீரையும் சத்தையும் கொத்துக் கொத்தான வேர்களில் அது சேமித்துவைக்கிறது. அதாவது மழையும் கோடையும் மாறி மாறி வருவது பேரீச்சைக்கு ஆபத்து, ஆஸ்பராகஸுக்குச் செலவு. இதற்கோ அதுவே கிழங்கு திரளக் காரணம். ஆண், பெண் பிரச்சினையும் இல்லை, பூ இருபாலானது. ஒன்றரை ஆண்டுக்கு மேல் பொறுத்துத் தோண்டி, வேகவைத்துத் தோலுரித்து, நடு நரம்பை உருவிக் காயவைத்தால் மாதக்கணக்கில் கெடாது. குளிர்பதனம் தேவையில்லை, நல்ல விலைக்குக் காத்திருக்கலாம்.

இதற்கும் மறுப்புகள் உண்டு. தாய்ப்பால் சுரக்கச் செய்யும் என்ற பெயரில்தான் இது அதிகம் விலைபோகிறது. 1996-இல் ‘இந்தியன் பீடியாட்ரிக்ஸ்’ இதழில் வந்த ஆய்வு பயன் எதையும் காணவில்லை. 2011-இல் வந்த இன்னோர் ஆய்வு பால்சுரப்பு ஹார்மோன் கூடியதாகச் சொன்னது. இரண்டுமே சிறிய ஆய்வுகள். மருந்து நிறுவனங்களின் தேவை இந்த முடிவுகளை நம்பி நிற்கவில்லை என்றாலும், பயிரிடுபவர் இதை அமுதம் என்று எண்ணிப் பத்து ஏக்கரில் இறங்குவது சரியல்ல. விலை ஏறி இறங்கும். வாங்குபவரைப் பேசி முடித்த பிறகே நடவு. காட்டுக் கிழங்கு மலிவாகக் கிடைக்கும்போது வயலில் ஏன் என்பது இன்னொரு கேள்வி. கிழங்கைத் தோண்டினால் கொடியே போய்விடும். பக்கத்திலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைக் காடு 2021 முதல் புலிகள் காப்பகம். அங்கிருந்து தோண்டி எடுப்பது குற்றம். காட்டை அழிக்காமல் சரக்கு வர வேண்டுமென்றால் வயல்தான் வழி. அதற்குத் தனி நிலமும் அவசியமில்லை. அரைநிழலைத் தாங்கும் கொடி என்பதால், இருபத்தைந்தடி இடைவெளியில் நிற்கும் தென்னை வரிசைகளுக்கு நடுவே பார் கட்டி நட்டுப் பார்க்கலாம்; தண்ணீர் தேங்கும் தாழ்வான பாத்திகளை மட்டும் விட்டுவிட வேண்டும், கிழங்கு அழுகிவிடும்.