பெயர் மட்டும் போதாது: சுனாமி கற்பித்த தரவுத்தளப் பாடம்

2004 டிசெம்பர் 26ஆம் திகதி காலை கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளிக் கரைகளில் கடல் ஏறியது. பாடசாலைகளும் கோயில்களும் பள்ளிவாசல்களும் முகாம்களாயின. கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது 2009இல்தான்; அன்று திருகோணமலை நகரத்துக்கும் கிண்ணியாவுக்கும் இடையே படகுப் பாதைதான் வழி. இக்கரை முகாமில் தாய், அக்கரை முகாமில் பிள்ளை என்று பிரிந்தவர்கள் சேர வேண்டுமானால், முதலில் இரு முகாம்களின் பெயர்ப் பட்டியல்களும் ஒன்றுசேர வேண்டும்.

அந்த நாட்களில் இலங்கையின் கணினி வல்லுநர்கள் ஊதியம் எதிர்பாராமல் எழுதத் தொடங்கிய மென்பொருள்தான் ‘சஹானா’. லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் அதை வளர்த்தெடுத்தது. காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், தேவைப்படும் பொருட்கள் என ஒவ்வொன்றுக்கும் தனிப் பகுதி. அடித்தளமாக இருந்தது மைஎஸ்கியூஎல் தரவுத்தளம். பல்கலைக்கழக மாணவர்கள் தரவுத்தள முகாமைத்துவப் பாடத்தில் படிக்கும் ஒவ்வோர் அத்தியாயமும் அங்கே உயிர்ப் பிரச்சினையாக நின்றது.

முதல் கேள்வி: ஒருவரை எதைக்கொண்டு அடையாளம் காண்பது? பெயர் போதாது. ஒரே முகாமில் பல பாத்திமாக்களும் பல லட்சுமிகளும் இருப்பார்கள். தமிழில் ஒன்றாக இருக்கும் பெயரே ஆங்கிலத்தில் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில் பதிவாகும்.

தேசிய அடையாள அட்டை இலக்கம்? பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும் உண்டு. முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் பிறந்த நாள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைச் சொல்லும். பெண்ணென்றால் அதனுடன் 500 கூட்டப்படும். 1975 பெப்ரவரி 14இல் பிறந்த ஆணின் இலக்கம் 75045 என்று தொடங்கும், பெண்ணுக்கு 75545. ஆனால் சிறுவர்களுக்கு அட்டையே கிடையாது; பெரியவர்கள் பலரின் அட்டையைக் கடல் கொண்டுபோயிருந்தது. 2016 முதல் இலக்கத்தின் அமைப்பும் மாறி 12 இலக்கங்களாகிவிட்டது. எனவே ஒருவரைத் தனித்து அடையாளம் காட்டும் ‘முதன்மைச் சாவி’யாக, பதிவாகும் ஒவ்வொருவருக்கும் தரவுத்தளமே ஓர் எண் கொடுப்பதுதான் பாதுகாப்பு. அட்டை இலக்கம் கிடைத்தால் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம்.

இரண்டாவது, ஒரு செய்தியை ஓரிடத்தில் மட்டும் வைப்பது. முகாமின் பெயரும் முகவரியும் ஒவ்வொருவரின் வரியிலும் எழுதப்பட்டிருந்தால், முகாம் இடம்மாறும்போது நூற்றுக்கணக்கான வரிகளைத் திருத்த வேண்டும். ஒன்று தவறினாலும் ஒரு தாய் தவறான இடத்தில் போய்த் தேடுவாள். ஆட்கள் ஓர் அட்டவணையிலும் முகாம்கள் இன்னொன்றிலும் இருக்க, முகாமின் எண்ணால் இரண்டையும் இணைத்தால் ஒரேயொரு திருத்தம் போதும். ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் கொட் 1970இல் வெளியிட்ட கட்டுரை தொடங்கிவைத்த சிந்தனை இது. ‘நோர்மலைசேஷன்’ என்று மாணவர்கள் படிப்பதன் சாரமும் இதுவே.

மூன்றாவது, ஒரே நேரத்தில் பலர் கைவைப்பது. களஞ்சியத்தில் 200 கூடாரங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு அலுவலர்கள் ஒரே கணத்தில் 200 என்று பார்த்து, ஆளுக்கு 150 ஒதுக்குகிறார்கள். இல்லாத 100 கூடாரங்களுக்கும் சேர்த்து லொறி அனுப்பப்படும். ஒருவரின் பரிமாற்றம் முழுதாக முடியும்வரை மற்றவரைக் காத்திருக்க வைப்பது தரவுத்தள முகாமைத்துவ முறைமையின் வேலை. இத்துறையில் அடிப்படை வகுத்த ஜிம் கிரே 1998ஆம் ஆண்டுக்கான டியூரிங் விருதைப் பெற்றார்.

சஹானா 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010 ஹெயிட்டி நிலநடுக்கத்திலும் பயன்பட்டது. சமூகப் பயன்பாட்டுக்கான விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006ஆம் ஆண்டுக்கு அதற்கு வழங்கியது.

கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் இன்று கணினி அறிவியல் கற்பிக்கப்படுகிறது. பயிற்சிக்கு நூலகப் புத்தகப் பட்டியலும் வங்கிக் கணக்கும் மட்டும் ஏன்? வெள்ளத்தின்போது ஒரு பிரதேச செயலகத்துக்கு என்னென்ன அட்டவணைகள் தேவை என்று மாணவர்கள் வரைந்து பார்க்கட்டும். உண்மையான மனிதர்களின் விபரங்களை எடுக்காமல் கற்பனைப் பெயர்களை நிரப்பிச் சோதிக்கட்டும். 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் அதே வகுப்பில் படிக்கட்டும். அனர்த்தம் வந்தபின் அட்டவணை வரைய நேரம் இருக்காது. அந்த வேலையை இப்போதே வகுப்பறையில் தொடங்க வேண்டும்.