கரடிக்கு முன்னால் கைத்துவக்கு எவ்வளவு செல்லும்?

படுவான்கரையில் மாட்டுப்பட்டிக்காரரோடும் தேன் எடுக்கப் போகிறவர்களோடும் கதைக்கும்போது அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "யானைக்கு வெடி இருக்கு. கரடிக்கு என்ன இருக்கு? இடுப்பில ஒரு கைத்துவக்கு இருந்தாத் தப்பலாம்." துவக்கின் நிழலிலேயே வளர்ந்த தலைமுறைக்கு இந்த எண்ணம் வருவது இயல்புதான். ஆனால் கரடியின் குணம் தெரிந்தால் கணக்கு மாறிவிடும்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் துவக்கு வைத்திருக்க 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேண்டும். பயிர்க்காவலுக்கு வேட்டைத்துவக்கு கேட்பவர் மாவட்டச் செயலகத்துக்குப் போகலாம். கைத்துவக்கு பாதுகாப்பு அமைச்சின் கையில் இருக்கிற விடயம். கரடிக்குப் பயம் என்று சொல்லி ஒரு விவசாயி அதைப் பெறுவது நடக்கிற காரியமாக எனக்குத் தெரியவில்லை. அனுமதியில்லாமல் வைத்திருந்து பிடிபட்டால், எங்கள் பகுதியில் அது காட்டு விலங்கு வழக்காக மட்டும் முடியும் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

சரி, கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம்.

குடும்பிமலைப் பக்கத்துக் காடுகளிலும் மாதுறு ஓயாவை ஒட்டிய காடுகளிலும் இருப்பது கறையானும் தேனும் பழமும் தின்னும் கரடி. மனிதனை இரையாகத் தேடி வருவதில்லை. மோப்பம் கூர்மை, கண்ணும் காதும் மட்டு. புற்றைத் தோண்டிக் கறையானை உறிஞ்சும்போது அது போடும் சத்தத்தில், நாம் கிட்டப் போவதே அதற்குக் கேட்காது. பகலில் கற்குகையிலோ பற்றையிலோ படுத்திருக்கும். பாலைப்பழக் காலத்தில் மரத்தடியில் நிற்கும். முதுகில் குட்டி இருந்தால் இன்னும் மோசம். திடுக்கிட்டால் ஓடுவதை விடப் பாய்வதே அதன் வழக்கம்.

அந்தப் பாய்ச்சல் பெரும்பாலும் சில மீற்றர் தூரத்தில் தொடங்குகிறது. பத்து மீற்றரைக் கடக்க அதற்கு ஒன்றிரண்டு நொடி போதும். அதற்குள் துவக்கை உருவி, பூட்டு நீக்கி, சடை மயிருக்குள் உயிர்நிலை எது என்று பார்த்துச் சுட வேண்டும். பயிற்சி பெற்றவனுக்கே கை நடுங்கும் இடம் அது. தோளில் விறகுக்கட்டு இருப்பவன் என்ன செய்வான்?

அமெரிக்காவின் அலாஸ்காவில் காட்டுக்குத் துவக்கோடு போவது சாதாரணம். அங்கே நடந்த 269 சம்பவங்களை ஆராய்ந்து 2012இல் ஒரு கட்டுரை வந்தது. கைத்துவக்கால் சுட்டபோது கரடி பலமுறை நின்றது உண்மை. ஆனால் துவக்கைப் பயன்படுத்தியவர்களையும், கையில் இருந்தும் பயன்படுத்தாதவர்களையும் ஒப்பிட்டால், காயப்பட்டதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இருக்கவில்லை. அவர்களுடையது வேறு இனக் கரடி. எங்கள் பற்றைக்காட்டில் இன்னும் கடினம் என்பது என் எண்ணம்.

இடியன் துவக்கைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஒரு வெடி, பிறகு மருந்து இடிக்க வேண்டும். மாரியில் மருந்து நனைந்தால் அந்த ஒன்றும் இல்லை. காயப்பட்ட கரடி பற்றைக்குள் கிடந்தால், அடுத்து அந்த வழியால் வருபவர்தான் அகப்படுவார். கட்டுத்துவக்கோ கரடி, மாடு, மனிதன் என்று பார்ப்பதில்லை.

அப்படியென்றால் எதை நம்புவது? சத்தத்தை. தனியே போகாமல், உரக்கக் கதைத்துக்கொண்டு, தடியால் மரத்தில் தட்டிக்கொண்டு போனால் கரடி முன்கூட்டியே விலகிப் போகும். விடியலிலும் கருக்கலிலும் போவதைத் தவிர்க்கலாம். புதிதாகத் தோண்டிய புற்றையோ பாறைக் குகையையோ கண்டால் சுற்றிப் போக வேண்டும். நாய் உதவும் என்பார்கள். கரடியைச் சீண்டிவிட்டு எசமானிடமே ஓடிவரும் நாயும் உண்டு.

கண்டுவிட்டால் ஓடக்கூடாது, அது நம்மை விட வேகம். மரம் ஏறினாலும் அது ஏறும். மேலே விழுந்துவிட்டால் குப்புறப் படுத்து, கைகளைக் கோத்துப் பிடரியை மூடி, முகத்தை மண்ணோடு வைத்துக்கொள்ள வேண்டும். கரடி குறிவைப்பது பெரும்பாலும் முகத்தையும் தலையையும்தான். பயம் தீர்ந்ததும் அநேகமாக விட்டுப் போய்விடும்.

காயம் சின்னது என்று வீட்டில் மஞ்சள் பூசிக்கொண்டு இருந்துவிடாதீர்கள். சவர்க்காரமும் தண்ணீரும் விட்டு நன்றாகக் கழுவி, இரத்தத்தைத் துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு 1990 அம்புலன்ஸை அழையுங்கள். ஏற்பு ஊசியும் விசர்நாய்க்கடித் தடுப்பூசியும் வேண்டுமா என்பதை வைத்தியர் தீர்மானிக்கட்டும்.